ஷாப்லி: புளிப்பு ஒயினை ருசிக்கும் முறை

"ஷார்டொனே எனக்குப் பிடிக்காது" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் குடித்திருப்பது ஓக் பீப்பாயில் ஊறி, வெண்ணெயும் வெனிலாவும் மணக்கிற கனத்த ஷார்டொனேயாகத்தான் இருக்கும். ஷார்டொனே ஒரு வெள்ளைத் திராட்சை ரகம்; அந்த இரண்டு வாசனையும் அந்தத் திராட்சையில் கிடையாது. வெனிலா புது ஓக் மரத்திலிருந்து ஏறுகிறது. வெண்ணெய் வாசனை பாக்டீரியா உண்டாக்கும் டைஅசெட்டில் என்ற பொருளுடையது. ஷார்டொனேவுக்கென்று அழுத்தமான வாசனை ஏதும் இல்லை. விளைகிற ஊரும் தயாரிக்கிற கையும் எப்படியோ அப்படி ஆகிவிடும். குளிர்ந்த ஊரில் விளைந்து, மர வாசனை ஏறாமல் பாட்டிலுக்கு வந்தால் அது எப்படி இருக்கும் என்று பார்க்க ஷாப்லிதான் சரியான இடம்.

ஷாப்லி பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில், யோன் மாவட்டத்தில், செரன் என்ற சிற்றாற்றின் கரையில் இருக்கும் சிறிய ஊர். அங்கே ஷார்டொனேயில் செய்யும் வெள்ளை ஒயினுக்கும் அதே பெயர்தான். பாரிஸிலிருந்து தென்கிழக்கே சுமார் 180 கிலோமீட்டர். பெயர்தான் பர்கண்டி, அந்தப் பகுதியின் புகழ்பெற்ற தோட்டங்கள் சூழ்ந்த போன் நகரைவிட ஷாம்பெயின் வட்டாரத்தின் தென்கோடித் தோட்டங்களே இதற்குக் கிட்டம். தட்பவெப்பமும் அப்படித்தான். பழம் மெதுவாகப் பழுக்கும். சர்க்கரை ஏறினாலும் புளிப்பு முழுதாக இறங்காது. எவ்வளவு குளிரவைப்பது, எதோடு சாப்பிடுவது, எத்தனை வருடம் வைப்பது எல்லாவற்றையும் இந்தப் புளிப்புதான் முடிவு செய்கிறது.

குளிருக்கு விலையும் உண்டு. ஷார்டொனே சீக்கிரம் துளிர்க்கும் ரகம். ஏப்ரலில் துளிர் விட்டபின் ஒரு ராத்திரி உறைபனி இறங்கினால் மொட்டு கருகி, அந்த வருட விளைச்சல் போய்விடும். 1957-ல் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சவில்லை. 2016, 2017, 2021 மூன்றிலும் பலத்த அடி. தோட்டக்காரர்கள் இரண்டு வழியில் சமாளிக்கிறார்கள். ஒன்று, ஹெக்டேருக்கு 300, 400 என்று பாரஃபின் மெழுகு டப்பாக்களை வரிசைகளுக்கு நடுவே வைத்து விடியவிடிய எரிப்பது. மற்றொன்று கேட்கும்போது விபரீதமாகத் தோன்றும்: உறைபனி ராத்திரியில் செடிமேல் தண்ணீர் தெளிப்பது. தண்ணீர் பனிக்கட்டியாக உறையும்போது வெப்பத்தை வெளிவிடும். புதிது புதிதாகத் தண்ணீர் விழுந்து உறைந்துகொண்டே இருக்கும்வரை உள்ளே இருக்கும் மொட்டு 0 டிகிரியை ஒட்டியே நிற்கும். வெளியே -5 என்றாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஆரம்பித்தால் நிறுத்தக்கூடாது. நடுவில் பம்ப் நின்றுபோனால் ஈரம் ஆவியாகி மொட்டை இன்னும் குளிரவைத்துவிடும். தெளிக்காமலே இருந்திருக்கலாம் என்றாகிவிடும். இதற்கான தண்ணீருக்கென்றே பெய்ன் கிராமத்தில் ஒரு ஏரி வெட்டி வைத்திருக்கிறார்கள்.

மண்ணைப் பற்றி எல்லாக் கடைக்காரரும் ஒரு கதை சொல்வார். கதையின் முதல் பாதி உண்மை. நல்ல சரிவுகளில் இருப்பது கிம்மெரிட்ஜியன் என்று பெயர்பெற்ற, சுமார் 15 கோடி ஆண்டுப் பழமையான சுண்ணாம்புக் களிமண். அதை உடைத்தால் காற்புள்ளி வடிவத்தில் நகக்கண் அளவு சிப்பிப் புதைபடிவங்கள் குவியலாகத் தெரியும். பெயர் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள கிம்மெரிட்ஜ் கிராமத்திலிருந்து வந்தது; அதே பாறையடுக்கு அங்கேயும் உண்டு. கதையின் இரண்டாம் பாதி, அந்தச் சிப்பியின் சுவை வேர் வழியாக ஏறி ஒயினில் தெரிகிறது என்பது. அப்படி ஏறாது. மண் செய்யும் வேலை தண்ணீரைப் பிடித்து அளவாகக் கொடுப்பதும், மழையில் வடியவிடுவதும். கிளாஸில் வரும் கல், சுண்ணாம்பு வாடை உண்மைதான். அதற்குக் காரணம் தூக்கலான புளிப்பும், பழ வாசனை அடங்கியிருப்பதும், நொதித்தலில் பிறக்கும் கந்தகச் சேர்மங்களும்.

பாட்டிலைத் தேர்ந்தெடுப்பது

லேபிளில், கீழிருந்து மேலாக, நான்கு தரம் உண்டு: பெத்தி ஷாப்லி, ஷாப்லி, ஷாப்லி பிரெமியே குரு, ஷாப்லி கிராண்ட் குரு. "குரு" என்பது தரம் பெற்ற தோட்டத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். ஷாப்லிக்கும் கிராண்ட் குருவுக்கும் சட்டப் பாதுகாப்பு 1938-ல் வந்தது. பெத்தி ஷாப்லி 1944-ல் சேர்ந்தது.

பெத்தி ஷாப்லி மேட்டு நிலங்களில் விளைவது. இலேசானது, எலுமிச்சைத் தோல் வாசனை, ஓரிரு வருடத்தில் குடித்துவிட வேண்டியது. கிராண்ட் குரு என்பது ஆற்றின் வலக்கரையில், ஊருக்கு நேர் எதிரே தென்மேற்கு பார்த்த ஒரே குன்றுச்சரிவு. மொத்தமே 100 ஹெக்டேர் அளவுதான். அதற்குள் ஏழு தோட்டங்கள்: பிளான்ஷோ, புக்ரோ, லே குளோ, கிரெனுயி, ப்ரூஸ், வால்முர், வோதெசிர். விலை அதிகம், அதோடு பொறுமையும் வேண்டும். 5 வயது ஆகும் முன்பே திறந்த கிராண்ட் குரு பெரும்பாலும் வாயே திறக்காது. முதல்முறை வாங்குபவர் அதில் பணத்தைப் போட வேண்டாம்.

ஒரு நல்ல தயாரிப்பாளரின் சாதாரண ஷாப்லி ஒன்று, அவரே போடும் பிரெமியே குரு ஒன்று. தொடங்க இந்த ஜோடி போதும். பிரெமியே குருவில் எந்தக் கரை என்று பாருங்கள். வலக்கரைத் தோட்டங்களான மோந்தே தெ தொன்னேர், ஃபூர்ஷோம், மோன் தெ மில்யூ ஆகியவற்றில் மாலை வெயில் நன்றாக விழும். ஒயின் சற்றுச் சதைப்பற்றோடு இருக்கும். இடக்கரையின் வையோன், மோன்மேன், கோத் தெ லெஷே ஒல்லியானவை, கூர்மையானவை. சிப்பிக்கும் மீனுக்கும் இடக்கரை, கோழிக்கும் கிரீமுக்கும் வலக்கரை என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது.

தயாரிப்பாளரின் பாணியையும் விசாரியுங்கள். லூயி மிஷெல் ஓக் பக்கமே போகாதவர்கள். முழுக்க எஃகுத் தொட்டி. ரவெனோ, தொவிஸா இரண்டு வீடுகளும் பழைய பீப்பாய்களைப் பயன்படுத்துவார்கள்; பழைய மரம் வாசனையைக் கொடுக்காது, ஒயினை நிதானப்படுத்தும். இந்த இருவரின் பாட்டில் கிடைப்பதும் கஷ்டம், கிடைத்தால் விலையும் கண்ணைப் பறிக்கும். 1923-ல் தொடங்கிய லா ஷாப்லிசியென் கூட்டுறவின் ஒயின்கள் பல நாட்டுக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். பழக அவை நல்லவை.

வருடமும் முக்கியம். 2018 வெயில் வருடம். பழம் தூக்கல், புளிப்பு மிதம். 2021 குளிர்ந்த, விளைச்சல் குறைந்த வருடம். புளிப்பு எடுப்பாக நிற்கும். கடையில் இரண்டும் இருந்தால், இங்கே சொல்லும் முறைக்கு 2021-ஐ எடுங்கள். ஒரு எச்சரிக்கை: அமெரிக்காவில் பெரிய ஜாடியில் விற்ற மலிவு வெள்ளை ஒயினுக்கெல்லாம் ஒரு காலத்தில் "ஷாப்லி" என்றே பெயர் போட்டார்கள். அதில் பலவற்றில் ஷார்டொனேயே இருக்காது. லேபிளில் பிரான்ஸின் பெயரும் தரத்தின் முழுப் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

குளிரவைப்பது: பெரும்பாலானவர் சறுக்கும் இடம்

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் ஒயின் 4, 5 டிகிரியில் இருக்கும். அந்தக் குளிரில் வாசனை எழும்பாது. புளிப்பு மட்டும் தனியாக நின்று பல்லைக் கூசவைக்கும். "வெறும் புளிப்புத் தண்ணி" என்ற புகாரில் பாதி இப்படிப் பிறந்ததுதான். மறுபக்கம், 16 டிகிரியைத் தாண்டினால் ஆல்கஹால் வாடை முன்னால் வந்து ஒயின் தொளதொளத்துப்போகும்.

பெத்தி ஷாப்லிக்கு 8 டிகிரி, ஷாப்லிக்கு 10, பிரெமியே குருவுக்கு 11, கிராண்ட் குருவுக்கு 12 முதல் 14. சமையலறைத் தெர்மாமீட்டர் இருந்தால் கிளாஸில் விட்டுப் பாருங்கள். இரண்டு முறை பார்த்தபின் கையே சொல்லும்.

அறை 30 டிகிரி என்றால் ஃப்ரிட்ஜில் சுமார் 3 மணி நேரம் வைத்து, எடுத்து 10 நிமிடம் வெளியே விட்டு ஊற்றலாம். அவசரத்துக்கு வாளி முறை: வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு. பாட்டில் கழுத்துவரை முங்க வேண்டும். நடுநடுவே கழுத்தைப் பிடித்து மெதுவாகச் சுழற்றினால் 15 முதல் 20 நிமிடத்தில் வேலை முடியும். தண்ணீர் ஊற்றாமல் வெறும் ஐஸில் செருகினால் நேரம் இரட்டிப்பாகும். ஐஸ் துண்டுகளுக்கு நடுவே இருக்கும் காற்று குளிரைக் கடத்தாது. ஃப்ரீசரில் வைத்து மறந்துவிட்டால் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், சில நேரம் பாட்டிலே வெடிக்கும்.

சூடான ஊரில் இன்னொரு கணக்கும் வேண்டும். கிளாஸில் ஊற்றியதும் ஒயின் வேகமாகச் சூடேறும். 150 மில்லி ஊற்றி அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தால் கடைசி வாய் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். ஒரு தடவைக்கு 60, 75 மில்லி மட்டும் ஊற்றி, பாட்டிலை வாளியிலேயே வையுங்கள்.

பார்த்து, முகர்ந்து, உறிஞ்சி

கிளாஸ் வயிறு அகன்று வாய் குறுகியதாக, 300 மில்லிக்குக் குறையாததாக இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். மேலே இருக்கும் காலியிடத்தில்தான் வாசனை சேரும். தண்டைப் பிடியுங்கள், வயிற்றைப் பிடித்தால் கைச்சூடு ஏறும். கிளாஸை ஒயின் ஊற்றும் முன் முகர்ந்து பாருங்கள். அலமாரி வாடையோ பாத்திரம் கழுவும் சோப்பு வாடையோ இருந்தால் வெந்நீரில் அலசி, துணி படாமல் கவிழ்த்து உலரவிடுங்கள். சோப்பு வாடையை ஒயினின் குறையாக எண்ணித் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பாருங்கள். இளம் ஷாப்லி வெளிர் மஞ்சள், ஓரத்தில் பச்சைச் சாயல். 10 வயதான பிரெமியே குரு பொன்னிறம். 3 வயதிலேயே பொன்னிறத்தைத் தாண்டிப் பழுப்பில் இறங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

முதலில் கிளாஸை ஆட்டாமல் முகருங்கள், பிறகு சுழற்றி முகருங்கள். முதலில் வருவது எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், சில நேரம் வெள்ளைப் பூ. சுழற்றியபின் வருவதுதான் ஷாப்லிக்கு உரியது: சிக்கிமுக்கிக் கல்லை உரசிய வாடை, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் ஈரம் காயும்போது வரும் வாடை, கடற்கரையில் கிளிஞ்சல் குவியலுக்கு அருகே நிற்கும் உப்புக்காற்று. மாம்பழம், அன்னாசி, வெனிலா என்று வந்தால் வெயில் ஊர் ஒயின், அல்லது புது ஓக் பட்டது.

வாயில் ஒரு சிறு கரண்டி அளவு எடுத்து, நாக்கின் இருபக்கமும் படும்படி 5 விநாடி உருட்டி, பிறகு விழுங்குங்கள் அல்லது துப்புங்கள். நான்கைந்து ஒயினை ஒன்றாகச் சோதிக்கும்போது துப்புவது மரியாதைக்குறைவு அல்ல; ஷாப்லியின் நிலவறைகளில் அதற்கென்றே தொட்டி இருக்கும். விழுங்கியபின் வாயைத் திறக்காமல் கவனியுங்கள். புளிப்பு நல்லதாக இருந்தால் நாக்கின் ஓரங்களிலிருந்து எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். எத்தனை விநாடி ஊறுகிறது என்று எண்ணுங்கள். சாதாரண ஷாப்லியில் 10 விநாடிக்குள் அடங்கினால் பரவாயில்லை. நல்ல பிரெமியே குருவில் 20 தாண்டும், அடங்கும்போது உப்பும் இலேசான கசப்பும் எட்டிப்பார்க்கும்.

புளிப்பிலும் ரகம் உண்டு என்பதைக் கவனித்தால் ருசி இன்னும் பிடிபடும். திராட்சையில் உள்ள அமிலங்களில் ஒன்று பச்சை ஆப்பிளில் உள்ள மாலிக் அமிலம், வெடுக்கென்று கடிக்கும். பெரும்பாலான ஷாப்லியில் ஆல்கஹால் நொதித்தலுக்குப் பின் பாக்டீரியாவை விட்டு அதை லாக்டிக் அமிலமாக, அதாவது தயிரில் உள்ள புளிப்பாக மாற்றுகிறார்கள். பச்சைக்காய்ப் புளிப்பு மோர்ப்புளிப்பாக இறங்குகிறது. அதே மாற்றத்தில்தான் வெண்ணெய் வாசனையும் உண்டாகும். ஈஸ்ட் வண்டலோடு சில மாதம் விட்டுவைத்தால் அந்த ஈஸ்டே அதைத் தின்றுவிடும். மாற்றம் நடந்திருந்தும் வெண்ணெய் மணக்காமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மேசையில் 5 நிமிடச் சோதனை

சாப்பாட்டோடு எது சேரும் என்று பட்டியல் மனப்பாடம் செய்வதைவிட இதை ஒருமுறை செய்வது மேல். ஒரு தட்டில் ஒரு எலுமிச்சைத் துண்டு, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, ஒரு துண்டு உப்பில்லாத வெண்ணெய், ஒரு கீற்றுப் பச்சைமிளகாய். அருகே 75 மில்லி ஷாப்லி.

முதலில் ஒயினை மட்டும் ஒரு வாய் குடித்துப் புளிப்பை மனதில் பதியுங்கள். சர்க்கரையை நாக்கில் வைத்து மறுபடி குடியுங்கள்: ஒயின் எலுமிச்சைச் சாறாக மாறிவிடும். தண்ணீர் குடித்து, உப்பை நக்கிவிட்டுக் குடியுங்கள்: புளிப்பு தணிந்து பழம் தெரியும். எலுமிச்சையை நக்கிவிட்டுக் குடித்தால் ஒயின் இனிப்பது போலவே இருக்கும், கூடவே சப்பென்றும் ஆகும். வெண்ணெய்க்குப்பின் குடித்தால் வாயில் ஒட்டிய கொழுப்பு வழித்தெடுத்தாற்போலப் போகும். மிளகாயைக் கடைசிக்கு வையுங்கள். ஆல்கஹால் காரத்தைக் கிளறிவிடும். அதற்குப்பின் 10 நிமிடத்துக்கு எதுவும் தெரியாது.

ஆகத் தட்டில் உப்பும் கொழுப்பும் இருந்தால் ஷாப்லிக்குக் கொண்டாட்டம். இனிப்பும் காரமும் இருந்தால் திண்டாட்டம். மீனா கறியா என்பது அதற்கு அடுத்த கேள்விதான்.

எதோடு சாப்பிடுவது

பச்சைச் சிப்பியும் ஷாப்லியும் பிரான்ஸில் பழைய ஜோடி. ஆளுக்கு 6 போதும். பிரெஞ்சுக் கடையில் 3-ம் எண் என்று கேட்டால் ஒவ்வொன்றும் ஓடோடு 66 முதல் 85 கிராம் இருக்கும். ஓடு இறுக மூடியிருக்க வேண்டும். திறந்திருப்பதைத் தட்டினால் மூடிக்கொள்ள வேண்டும், மூடாததைத் தூக்கிப்போடுங்கள். திறந்ததும் முதலில் இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு 10 நிமிடம் வையுங்கள். சிப்பி மறுபடி கொஞ்சம் நீர் விடும், அது உப்பு குறைந்து ருசியாக இருக்கும். ஐஸ்மேல் அரை மணிக்குமேல் வைக்காதீர்கள், ஒயினைப் போலவே அதுவும் குளிரில் ஊமையாகிவிடும். கூட வரும் வினிகர், சின்ன வெங்காயச் சாற்றைத் தொடவே வேண்டாம். வினிகரின் புளிப்பு ஒயினின் புளிப்பை அடித்துவிடும். மிளகைத் திருகித் தூவுவது போதும். சிப்பி சுத்தமான நீரில் வளர்ந்து, சுத்திகரித்து விற்கப்படுகிறது என்ற உறுதி இல்லாத ஊரில் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். 4, 5 நிமிடம் ஆவியில் வேகவைத்து, உருக்கிய வெண்ணெய் விட்டுச் சாப்பிட்டாலும் பொருத்தம் கெடாது.

ஊர்க்காரர்கள் தங்கள் ஒயினோடு தினம் சிப்பி தின்பதில்லை; கடல் தூரம். அவர்கள் மேசையில் இருப்பது பூண்டு, பார்ஸ்லி, வெண்ணெய் அடைத்துச் சுட்ட நத்தை, ஷாப்லியில் வற்றவைத்த சின்ன வெங்காயமும் தக்காளியும் கிரீமும் ஊற்றிய பன்றித்தொடை ஹாம், பன்றிக்குடலில் செய்யும் ஆண்டுயெட் தொத்திறைச்சி. மூன்றிலும் உப்பும் கொழுப்பும் வழிகின்றன. ஆண்டுயெட்டின் வாடை எல்லாராலும் தாங்கக்கூடியது இல்லை என்பதை முன்பே சொல்லிவிடுவது நல்லது.

ஒயினோடு கொறிக்க அந்தப் பக்கத்தில் செய்வது கூழேர் என்ற சீஸ் உருண்டை. ஏறக்குறைய 30 உருண்டைக்கு: தண்ணீர் 250 மில்லி, வெண்ணெய் 100 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், மைதா 150 கிராம், முட்டை 4, துருவிய கோந்தே அல்லது குருயேர் சீஸ் 150 கிராம். தண்ணீரில் வெண்ணெயும் உப்பும் போட்டுக் கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, மைதா முழுவதையும் ஒரே தடவையில் கொட்டிக் கிளறுங்கள். மறுபடி சின்னத் தீயில் 2 நிமிடம், மாவு பாத்திரத்தில் ஒட்டாமல் உருண்டு, அடியில் மெல்லிய படலம் பிடிக்கும்வரை. 5 நிமிடம் ஆறவிட்டு முட்டையை ஒவ்வொன்றாகச் சேருங்கள். சூட்டிலேயே சேர்த்தால் முட்டை வெந்து திரியும். கரண்டியைத் தூக்கினால் மாவு நாக்குப்போலத் தொங்கி விழ வேண்டும். நான்காவது முட்டைக்கு முன்பே அந்தப் பதம் வந்தால் அத்தோடு நிறுத்துங்கள். சீஸைக் கலந்து, எலுமிச்சையில் பாதி அளவு உருண்டைகளாக வைத்து, 200 டிகிரி அடுப்பில் 25 நிமிடம். முதல் 20 நிமிடத்துக்கு அடுப்பைத் திறக்கவே கூடாது. திறந்தால் நீராவி போய் உருண்டைகள் சப்பையாக உட்கார்ந்துவிடும்.

சீஸில் ஷாவூர்ஸ், ஆட்டுப்பால் சீஸ், முதிர்ந்த கோந்தே மூன்றும் பொருந்தும். எப்வாஸ் பர்கண்டிக்காரர்தான், ஆனால் அதன் நாற்றத்தின் முன் ஷாப்லி நிற்காது. நீலப்பூஞ்சைச் சீஸோடு கசக்கும்.

கிரீமில் வெந்த கோழி, வெண்ணெயில் பொரித்த மீன், மட்டிச் சூப் இவற்றுக்கு விளக்கம் தேவையில்லை. கரியில் சுட்ட மாட்டிறைச்சி வேண்டாம். சுவை அடங்கிப்போவது ஒயின்தான்.

பாரிஸிலும் அதைச் சுற்றியும் ஈழத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருப்பதால் நம் சாப்பாட்டோடு ஒத்துவருமா என்ற கேள்வியும் எழத்தான் செய்யும். தேங்காய்ப்பால் சொதி, இடியப்பம்: பச்சைமிளகாயைக் கீறாமல் முழுதாகப் போட்டு, தேசிக்காய்ப்புளியை (எலுமிச்சைச் சாற்றை) பாதியாக்கினால் வலக்கரைப் பிரெமியே குருவோடு அழகாகச் சேரும், தேங்காய்ப்பாலின் கொழுப்பு அங்கே கிரீமின் வேலையைச் செய்கிறது. மிளகும் உப்பும் மட்டும் தடவிப் பொரித்த மீன், பொரித்த கணவாய், உப்புப் போட்டு வறுத்த கச்சான் (வேர்க்கடலை), எல்லாம் நல்லது. புளி கரைத்த மீன்குழம்பு, கட்டச்சம்பல், மிளகாய்த்தூள் தூக்கலான இறால் வறுவல் பக்கம் போகாதீர்கள். அதற்குச் சற்று இனிப்புள்ள வெள்ளை ஒயினோ பியரோ மேல்.

பாட்டில் கெட்டிருந்தால்

நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க் கெட்டது. டிசிஏ என்ற பொருள் காரணம். காற்றில் வைத்தாலும் போகாது. கடையில் திருப்பிக் கொடுங்கள். அடிபட்ட ஆப்பிள், பழைய கொட்டை வாடையும் அடர்ந்த நிறமும் சேர்ந்து வந்தால் காற்று ஏறிப்போனது, அதற்கும் மருந்தில்லை. எரிந்த தீக்குச்சி வாடை வேறு. அது பெரும்பாலும் காற்றுப்படாமல் அடைபட்ட ஒயின். அகன்ற ஜாடியில் ஊற்றி 20 நிமிடம் விட்டால் தெளியும். அவசரப்பட்டு ஊற்றிக்கொட்டிவிடாதீர்கள். அடியில் கண்ணாடித்தூள் போலப் பளபளப்பது டார்ட்ரேட் உப்பு. குளிரில் படிவது, உடம்புக்கு ஒன்றும் செய்யாது. கடைசி 2 சென்டிமீட்டரைப் பாட்டிலிலேயே விட்டுவிட்டால் போதும்.

வைத்திருப்பதும் மிச்சமும்

ஷாப்லியை 2 முதல் 5 வருடம், பிரெமியே குருவை 5 முதல் 10, கிராண்ட் குருவை 10 முதல் 15 என்று வைக்கலாம். 12 டிகிரியில், படுக்கவைத்து, வெளிச்சம் படாமல். வயதாகும்போது எலுமிச்சை போய்த் தேன், காளான், வறுத்த கொட்டை வரும். சமையலறை அலமாரி 30 டிகிரியில் இருக்கும் வீட்டில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஆறு மாதத்துக்குமேல் எதையும் வைக்காமல் குடித்துவிடுங்கள். ஃப்ரிட்ஜ் கதவிலும் நாள்கணக்கில் வைக்க வேண்டாம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஆட்டம்.

திறந்த பாட்டிலை அதே கார்க்கால் அடைத்து ஃப்ரிட்ஜில் நிமிர்த்தி வைத்தால் 3 நாள் தாங்கும். பாதிக்குக் கீழே போயிருந்தால் 375 மில்லி பாட்டிலில் வாய்வரை ஊற்றி மூடுங்கள், ஒரு நாள் கூடும். பிரெமியே குரு இரண்டாம் நாள் முதல் நாளைவிட நன்றாக இருப்பதும் உண்டு. நான்காம் நாள் மிச்சம் 150 மில்லியை ஒரு கிலோ மட்டிக்கு ஊற்றி, சின்ன வெங்காயம் இரண்டு நறுக்கிப் போட்டு, மூடிப் பெரிய தீயில் 4 நிமிடம். திறக்காத மட்டியைச் சாப்பிடாமல் எறிந்துவிடுங்கள். உப்பு போட வேண்டாம், மட்டியே விட்டுக்கொள்ளும்.